பத்துக்கு எட்டு

புளியந்தோப்பில் நான் வேலை செய்யும் ப்ளெக்ஸ் கடையில்
யார் செத்தாலும், யாருக்குக் காது குத்தினாலும்
முதலில் முகத்தை வெளுப்பேன்.
யாரும் கேட்பதில்லை. கை தானாகப் போகும்.
கன்னத்தில் கொஞ்சம் ரோஸ், பின்னால் ஒரு சிங்கம்,
கீழே கும்பிட்டபடி பத்துப் பதினைந்து பொடிமுகங்கள்.

ரூபாவதி அக்காவுக்குப் பத்துக்கு எட்டு சொல்லியிருந்தார்கள்
கன்னிகாபுரம் பசங்கள்.
கொடுத்த படம் லைசென்சிலிருந்து எடுத்தது,
கண் பாதி மூடியிருந்தது.
"வீரமங்கைன்னு போடுண்ணா. பெருசா."

போடக் காரணம் இருந்தது.
எந்த ஏரியாவில் எது திருடு போனாலும்
கறுப்பா, ஒல்லியா, எங்கள் தெரு விலாசத்தோடு ஒருத்தன்
ஜீப்பில் ஏறியாக வேண்டும்.
அக்கா சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டுப் போய்
ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவைக் குறுக்கே போடுவார்.
கத்தமாட்டார். ஒரே கேள்விதான்:
"மூஞ்சியைத் தவிர வேற இன்னா சார் கீது ஒங்க கையில?"
மணி இரண்டாகும், மூன்றாகும்.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்,
பையன் பெயர், ஜீப் நம்பர், வெளியே விட்ட நேரம்.
மொத்தம் பதினொன்று.
நான் ஏழாவது. அண்ணாநகரில் ஏதோ சைக்கிளாம்.
எனக்கு அப்போது சைக்கிள் ஓட்டவே தெரியாது.

அதற்காக என்றால் நானே காசு வாங்காமல் அடித்திருப்பேன்.
ஆனால் கண்ணை மூடினால் வருவது மூலக்கடை ராத்திரி.

போனில் ஒரு வீடியோ. பிள்ளை பிடிக்கிறவன்.
எந்த ஊர், எந்த வருஷம், எவனுக்கும் தெரியாது.
வடக்கத்தியான் என்றார்கள். அது போதுமாக இருந்தது.
பாத்திரப் பட்டறையில் மூன்று பேர் தங்கியிருந்தார்கள்,
சின்னக் கண், புரியாத பேச்சு.
ஷட்டருக்கு உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.
வெளியே நாற்பது பேர். நாற்பதில் நான்.
கையில் என்ன வைத்திருந்தேன் என்று
என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆட்டோ ரிவர்ஸில் வந்து ஷட்டரோடு ஒட்டி நின்றது,
ஹெட்லைட் எங்கள் மேல்.
அக்கா இறங்கவில்லை.
இன்ஸ்பெக்டரிடம் கேட்கும் அதே குரல்:
"மூஞ்சியைத் தவிர வேற இன்னாடா கீது ஒங்க கையில?"

'சார்' போய் 'டா' வந்திருந்தது.
மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை.

யாரோ கல் விட்டான். கண்ணாடி போனது. நெற்றியில் ஐந்து தையல்.
நான் விடவில்லை.
அதை நல்ல குணம் என்று எழுதிவிடாதீர்கள்,
வெளிச்சத்தில் ஏழாவது பையனை
அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும் என்ற பயம்.
வீரர் என்றால் எதிரி அந்தப் பக்கம்தான் நிற்பான்
என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ப்ளெக்ஸைப் பார்க்க அவரே கடைக்கு வந்தார்.
ஸ்க்ரீனைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"யாருப்பா இந்தப் பொம்பள? சோப்பு வெளம்பரத்துல வர்றாளே, அவளா?"
தழும்பையும் அழித்திருந்தேன்.
மவுஸைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்,
இன்னும் பின்னால், பூஜ்யம் வரைக்கும்.
முகம் வந்தது.
தையல் போட்ட இடம் வந்தது.
சிங்கத்தை எடுக்கச் சொன்னார், "ஆட்டோவுல ஏறாது."
'வீரமங்கை'யையும் எடுக்கச் சொன்னார், காரணம் சொல்லவில்லை.
மிஞ்சியது அவரும் வண்டி நம்பரும்.
கறுப்பு மையை இப்படிக் குடிக்குதே என்று
முதலாளி முணுமுணுத்தார்.

அதை எங்கேயும் கட்டவில்லை.
அந்த வாரம் மழை. பட்டறைக் கூரை ஒழுகியது.
அக்கா சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்.

ஒருநாள் போய்ப் பார்த்தேன்.
முகம் உள்பக்கம் வரும்படி போர்த்தியிருக்கிறார்கள்,
மூன்று பேரும் படுத்தால் நேர் மேலே அவர்தான்,
நடுவில் ஒரு மூங்கில், மூக்குக்குக் குறுக்கே.
ஒருத்தன் டீ கொடுத்தான்.
அன்றைக்கு ஷட்டருக்கு வெளியே யார் யார் என்று
அவன் கேட்கவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
டீ நாக்கைச் சுட்டது.